பிள்ளையாருக்கு ஏழு பிள்ளைகள்

வேலிக்கு அப்பாலிருந்து மூக்குச் சிந்தும் சத்தம் வந்தது. இரண்டாவது சிந்தலில் குழைக்காதன் புளி தட்டும் கல்லைக் கீழே வைத்தான். காரைக்கோட்டை ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். வீட்டில் பெண்டாட்டி நாச்சியார் கொடுத்த உத்தியோகம், புளிக்குக் கொட்டை எடுப்பது. இரண்டாவதிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

"உள்ளே வாம்மா. அழுவதானால் நிழலில் உட்கார்ந்து அழு."

வந்தவள் செங்கமலம், அரண்மனைக்குப் பூக்கட்டுகிறவள்.

"நாளைக்கு வீட்டைக் காலி பண்ணணுமாம் அய்யா. அது பிரதானியோட பூர்வீக வீடாம். ஏட்டிலே அவர் முன்னோர் பேர்தான் இருக்காம்."

பிரதானி அம்பலவாணர் ராஜாவின் மந்திரி. ராஜவீதியில் செங்கமலத்தின் வீட்டுக்கு அடுத்தது அவர் வீடு, அதற்கும் அடுத்து, வீதியின் கடைசியில், அரண்மனை. அவருக்குக் குதிரை லாயம் கட்ட இடம் போதவில்லை என்பது ஊரறிந்த கவலை.

"உன் பாட்டன் பேர் என்ன?"

"உலகநாதன். இடக்கையாலே பூக்கட்டுவார். அந்த வீட்டிலேதான் பிறந்தார், அங்கேயேதான் செத்தார். அப்படி ஒரு ஆளே இருந்ததில்லைங்கிறார் பிரதானி. அப்போ நான் யாருக்கு அய்யா பேத்தி?"

குழைக்காதனுக்கு அந்தக் கேள்வி என்னவோ செய்தது. எழுந்து மேல்துண்டைத் தேடினான்.

பிரதானி சொன்ன ஏடு, ராஜா வேங்கையப்ப பூபதியின் தாத்தா காலத்தில் எழுதிய குடிக்கணக்கு. வீட்டுப் பேர்கள் வரிசையாக ஒரு ஏட்டில். அந்தந்த வீட்டு ஆட்கள் அதே வரிசையில் இன்னொரு ஏட்டில். செல் அரிக்க ஆரம்பித்ததும் போன வருஷம் இரண்டையும் சேர்த்து ஒரே ஏடாகப் பெயர்த்தெழுதினார்கள். பழையதை முறைப்படி ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டாயிற்று. தாத்தாமேல் ராஜாவுக்கு இருந்த பக்தியில், 'இந்த ஏட்டில் பிழை என்று அரண்மனைக்குள் எவன் சொன்னாலும் நாக்கு இருக்காது' என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

குழைக்காதன் அரண்மனைக்குப் போய் ஏட்டைப் பிரித்தான். முதல் வரியிலேயே விஷயம் பிடிபட்டது. எதை எழுதினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவது வழக்கம். வீட்டுப் பேர் ஏட்டின் தலைப்பிலும் போட்டிருப்பார்கள். ராஜவீதி முனையில் நிஜமாகவே ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. பெயர்த்தெழுதியவர் பக்திமான். சுழியைக் கண்டதும் அதையே முதல் வீடாகக் கணக்கில் சேர்த்துவிட்டார். அதோடு ஒவ்வொரு வீட்டு ஆட்களும் முந்தின வீட்டு வரிக்குப் போக, தெருவே ஒரு வீடு தள்ளிக் குடிபெயர்ந்துவிட்டது. உலகநாதன் பக்கத்து நெய்க்காரர் வீட்டு வரியில், இடக்கைக்காரன் என்ற குறிப்போடு, சுகமாக இருந்தார்.

கடைசி வரியையும் பார்த்தான். ஏட்டை இறுக்கிக் கட்டினான்.

மறுநாள் சபையில் பிரதானி வழக்கைச் சொல்லி முடித்தார். செங்கமலம் தூணோரம் நின்றிருந்தாள்.

"நீ என்ன சொல்கிறாய், குழைக்காதா?" என்றார் ராஜா. "நாக்கை நினைவில் வைத்துக்கொண்டு சொல்."

"ஏட்டின்படியே நடக்கவேண்டும் அரசே. முதல் வரியிலிருந்தே நடக்கவேண்டும். வீதிமுனைப் பிள்ளையாருக்கு ஒரு சம்சாரம், ஏழு பிள்ளைகள், இரண்டு எருமைகள்."

"அவர் பிரம்மசாரியாயிற்றே."

"அப்படித்தான் நம்மிடம் சொல்லிவைத்திருக்கிறார். ஏட்டில் அகப்பட்டுக்கொண்டார். நாளை முதல் கொழுக்கட்டையைக் கூட்டிப் படைக்கவேண்டும். ஏழு வயிறு."

பிரதானி தொண்டையைக் கனைத்தார். "தெய்வ விஷயம் நமக்கெதற்கு? செங்கமலம் வீட்டு வரியைப் படியும்."

"அதில் தங்கள் தகப்பனார், பாட்டனார் எல்லாரும் இருக்கிறார்கள். ஏடு யாருடைய முன்னோரைக் காட்டுகிறதோ அவருக்குத்தான் வீடு. அதுதானே தங்கள் நியாயம்?"

"அதுதான் நியாயம்."

"சபை கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த வரி, பிரதானி வீடு." குழைக்காதன் ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தான். "அங்கே குடியிருப்பவர்: மகாராஜா, அதாவது தங்கள் தாத்தா, அரசே. கூடவே பேரன் வேங்கையப்பன், வயது மூன்று. மண் தின்னும் பழக்கம் உண்டு."

சபையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அது சின்ன வயசில்," என்றார் ராஜா.

"ஆக, பிரதானி வீடு தங்கள் வீடு அரசே. இன்று சாயங்காலமே அவர் காலி செய்துவிடுவார். நியாயம் தெரிந்தவர்."

பிரதானி வாயைத் திறந்தார். நாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும். அரண்மனை வரியில் யார்?" என்றார் ராஜா.

"வெற்று ஓலை அரசே. ஏட்டின்படி அரண்மனையில் ஒருவருமில்லை."

"ஒருவருமில்லையா? அப்போது நான் யார்? என் தாத்தா இந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த ஏட்டில் பிழை இருக்கிறது."

சொல்லி முடித்த பிறகுதான் ராஜாவுக்கு உறைத்தது. சபை முழுவதும் அவர் வாயையே பார்த்தது. நாக்கறுக்கும் சேவகன் எந்தப் பக்கம் போய் நிற்பதென்று தெரியாமல் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

குழைக்காதன் கூரையைப் பார்த்தான்.

"யாரோ பேசினமாதிரி இருந்தது," என்றான். "பிரமைதான். இந்த அரண்மனையில்தான் ஒருவருமில்லையே."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நெற்றிக்கு இறங்கிவிட்டது. உத்தரவு அன்றைக்கே ரத்தானது. தெருவை ஒரு வீடு பின்னால் தள்ளி, பிள்ளையாரை மறுபடி பிரம்மசாரியாக்கி, ஏட்டைத் திருத்தி எழுதச் சொன்னார். எழுதும் வேலை பிரதானிக்கு.

திருத்திய ஏட்டில் தன் வீட்டு வரியைச் செங்கமலம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இடக்கைக்காரன்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

குழைக்காதனுக்குப் பரிசு அவன் வீடு சேருமுன்பே வாசலில் வந்து இறங்கியிருந்தது. அரண்மனைத் தோப்பில் அந்த வருஷம் காய்த்த புளி முழுவதும், ஒரு வண்டி.

நாச்சியார் வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அவன் மேல்துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்து, கல்லைக் கையில் எடுத்தான்.