பல்லக்கு நகர்ந்தால் நகர வேண்டும்

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டை மருதபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கொடுங்கோலன் இல்லை. ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். அவன் ஒரு பயணம் கிளம்பிய கதை இது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவன் ராணி வடிவாம்பிகை, கரும்பாறைப் பாளையத்தில் பிறந்தவள். இந்தப் பயணத்துக்கு முந்தின வருஷம் அவளுடைய தாய் படுக்கையில் விழுந்து, மகளைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். ராணியும் ராஜாவும் பரிவாரத்தோடு கிளம்பினார்கள். வழியில் ஒரு காட்டைப் பார்த்ததும் ராஜாவுக்கு வேட்டை ஆசை வந்துவிட்டது. கூடாரம் அடித்தார்கள். வேட்டை முடிந்து கரும்பாறை போய்ச் சேர்ந்தபோது தாயைத் தகனம் செய்து முடித்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் தகப்பனார் படுத்துவிட்டார். மறுபடியும் ஆள் வந்தான். மறுபடியும் பயணம்.

இந்தத் தடவை பயணப் பொறுப்பை அமைச்சர் சிற்றம்பலம் ஏற்றிருந்தார். விடியலில் கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் மட்டும் ஓய்வு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராணிக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் கூட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஆசை. ராஜகுருவுக்குக் குளம் கண்ட இடமெல்லாம் நீராட வேண்டும். தளவாய் ரணபேரிக்கு, வழியிலிருக்கும் தன் உறவினர் ஊர்களிலெல்லாம் இறங்கி மாலை வாங்கிக்கொள்ள வேண்டும். ராஜாவுக்கோ வேடிக்கை எங்கே இருந்தாலும் அங்கே நிற்க வேண்டும். போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவள் ராணி ஒருத்திதான்.

அமைச்சரைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது. ராஜாவின் காதருகே போய் ஓதினான்.

"மகாராஜா, அமைச்சர் 'கிளம்பு' என்றால் கிளம்பவும், 'நில்' என்றால் நிற்கவும் தாங்கள் என்ன கூலியாளா?"

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அங்கேயே ஆணையிட்டான். "இனிமேல் என் பல்லக்கு நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். என் பல்லக்கு நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும். மீறினால் தலை போகும்!"

தளவாய் மீசையை முறுக்கினான். தன் மைத்துனன் ஊருக்குப் பக்கத்துத் தோப்பில் பல்லக்கை இறக்கச் சொன்னான். அங்கே கிடாய்ச் சண்டை ஏற்பாடாகியிருந்தது.

ராணி தன் பல்லக்கின் திரையை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அங்கே என் அப்பா உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். இங்கே உங்களுக்குக் கிடாய்ச் சண்டையா?"

"ஒரே ஒரு பொழுதுதானே, வடிவு" என்றான் ராஜா.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீர்கள்!"

தளவாய் சிரித்தான். "அமைச்சரே, நீர் பெரிய புத்திசாலியாயிற்றே. ராஜாவின் ஆணையை மீறாமல் இன்றைக்கே ராணியைக் கரும்பாறை சேர்த்துவிடும் பார்ப்போம்!"

ராஜாவும் சிரித்துவிட்டான். "செய்து காட்டினால் நீர் கேட்டதைத் தருகிறேன்."

"உத்தரவு மகாராஜா" என்றார் அமைச்சர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ராஜாவும் தளவாயும் வயலைத் தாண்டி நடந்து, சண்டைக் களத்துக்குப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அமைச்சர் ராணியிடம் வந்தார். "தாயே, ராஜாவின் பல்லக்கில் ஏறி உட்காருங்கள்."

பல்லக்குத் தூக்கிகள் நடுங்கிப்போனார்கள். "ஐயா, எங்கள் தலை?"

"ராஜாவின் பல்லக்கு நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும் என்பது ஆணை. உள்ளே யார் இருக்க வேண்டும் என்று அதில் இருந்ததா? தூக்குங்கள்!"

பல்லக்கு நகர்ந்தது. நகர்ந்ததா, ஆணைப்படி குதிரைகள் நகர்ந்தன. கூடாரம் நகர்ந்தது. கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்துச் சமையல்காரர்கள் ஓடினார்கள். பாதி நனைந்த வேட்டியோடு ராஜகுரு குளத்திலிருந்து ஓடி வந்தார். தளவாயின் சொந்த வீரர்களே தலைக்குப் பயந்து வேகமாக நடந்தார்கள்.

சண்டை முடிந்து பசியோடு திரும்பிய ராஜா கண்டது என்ன? வெறும் தோப்பு. அடுப்புச் சாம்பல்.

"ராஜத்துரோகம்!" என்று கத்தினான் தளவாய்.

"கத்தாதே, வண்டி பார்!" என்றான் ராஜா.

அந்த ஊரில் கிடைத்தது எரு அடிக்கும் மாட்டுவண்டி ஒன்றுதான். அதில் குலுங்கிக் குலுங்கி, பொழுது சாயும் நேரத்தில் ராஜா தளவாயோடு கரும்பாறை வாசலில் வந்து இறங்கினான். தலையெல்லாம் புழுதி. பட்டு அங்கவஸ்திரத்தில் எரு.

"சிற்றம்பலம்! என்னை நடுவழியில் விட்டுவிட்டு வர உமக்கு என்ன துணிச்சல்?"

"ஆணையை மீறத் துணிச்சல் இல்லாததால்தான் வந்தேன், மகாராஜா. தங்கள் பல்லக்கு நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். தாங்களும் தளவாயும்தான் நகரவில்லை."

ராணி உள்ளிருந்து வாசலுக்கு வந்தாள்.

"உங்களை ஒரு பொழுது விட்டுவிட்டு வந்ததற்கே இவ்வளவு கோபம் வருகிறதே. என் அம்மா கடைசி மூச்சு வரைக்கும் இந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு எவ்வளவு வந்திருக்கும்?"

ராஜா தலை குனிந்தான். உள்ளே போனான். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்த கிழவர், புழுதி படிந்த மருமகனை உற்றுப் பார்த்தார்.

"என் மகளைக் கூட்டிக்கொண்டு எவ்வளவு அவசரமாக ஓடி வந்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை! வழியில் ரொம்பக் கஷ்டமோ?"

ராஜாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கிழவரின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு வெளியே வந்து அமைச்சரின் கையைப் பிடித்தான். "என்ன வேண்டுமோ கேளும்."

"ராணி போதும் என்று சொல்கிற வரைக்கும் இங்கிருந்து யாரும் கிளம்பக் கூடாது. அது போதும்."

"அப்படியே ஆகட்டும். தளவாயே, உன் பதவியை இன்றோடு பறித்தேன். அந்த வண்டியை அதன் சொந்தக்காரனிடம் நீயே ஓட்டிக்கொண்டு போய் விடு!"

மகள் கையால் கஞ்சி குடித்துக் குடித்துக் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். ராஜா தினமும் கட்டிலுக்கு விசிறினான். எல்லாம் சரிதான். ஆனால் ராணி அவனோடு பேச வெகு நாளாயிற்று. பேசவில்லையே என்று அவளை யார் குறை சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன்.