பேசும் செடிகளும் ஒரு குட்டி யானையும்

ஓசூருக்குப் பக்கத்தில் செடிப்பண்ணை நடத்திவந்தவர் மாதம்மாள். கணவர் இல்லை; ஒரே மகள் வினோதினி. அந்தப் பண்ணையில், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில்.

வினோதினி கல்லூரியில் எழுத்துக்கலை படித்துப் பட்டம் வாங்கினாள். இப்படியும் ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவர் தாய்மாமன் வேடியப்பன். டவுனில் பம்பு செட் கடை வைத்திருந்தவர். அக்கா மகள்மேல் கொள்ளைப் பிரியம். அவள் படித்த படிப்பின்மேல் துளியும் நம்பிக்கை இல்லை. பட்டமளிப்பு விழா முடிந்து மூவரும் ஓட்டலில் சாப்பிடும்போது ஒரு பந்தயம் கட்டினார்.

"பாப்பா, ஒரு வருசம் டைம். காலேஜுக்குக் கட்டின மொத்த ஃபீஸையும் எழுதியே சம்பாதிச்சிட்டா, என் குட்டி யானை உனக்கு. இல்லேன்னா என் கடைக்கு வந்து பில் போடணும்."

குட்டி யானை என்றது அவருடைய சின்னச் சரக்கு வண்டியை. செடி ஏற்ற வாடகை வண்டிக்கு அலைகிற மாதம்மாளுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று வினோதினிக்குத் தெரியும். இலையை மடிக்கும் முன்பே சரி என்றாள்.

முதல் சில மாதங்கள் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பினாள். இரண்டு வெளியாயின. வந்த சன்மானத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம். வேடியப்பன் தன் கடையில் அவளுக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்தும் அனுப்பிவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழுகிப்போன ரோஜாச் செடியோடு ஓர் அம்மாள் பண்ணைக்கு வந்து சண்டை பிடித்தார். தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் செத்துப்போயிற்றே என்றார். அதனால்தான் செத்தது என்று மாதம்மாள் சொல்ல, பேச்சு முற்றிவிட்டது.

வினோதினி பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மாவுக்குத் தெரிந்தது எதுவும் வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. எதிரே இருப்பவருக்கு எது தெரியாது என்று பார்த்து, அதை அவருக்குப் பிடிக்கிற மாதிரிச் சொல்வதைத்தான் அவள் கல்லூரியில் படித்திருந்தாள். அன்றே அம்மாவைக் கேட்டுக் கேட்டு, செடியே பேசுவதுபோல அட்டைகள் எழுதித் தொட்டிகளில் மாட்டத் தொடங்கினாள்.

ரோஜா சொன்னது: 'என்னை வெயிலில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் கொடுங்கள். ரொம்பக் கொஞ்சினால் அழுகிப்போவேன்.' கறிவேப்பிலை சொன்னது: 'முதல் வருடம் என்மேல் கை வைக்காதீர்கள். அப்புறம் உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு நான் பொறுப்பு.'

வந்தவர்கள் அட்டைகளை ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு செடிக்கு வந்தவர்கள் நான்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொண்டுபோன செடிகள் பிழைத்ததால் மறுபடியும் வந்தார்கள். சண்டை பிடித்த அம்மாள் தன் தெருவையே கூட்டிவந்தார்.

வருடம் முடிந்தது. புதிய வகைச் செடி எதையும் மாதம்மாள் கொண்டுவரவில்லை, விலையையும் ஏற்றவில்லை. ஆனாலும் முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாக வந்த லாபம் மட்டுமே மகளுடைய மொத்தப் படிப்புச் செலவையும் தாண்டியிருந்தது. மாதம்மாள் தம்பியை வரவழைத்து வண்டிச் சாவியைக் கேட்டார்.

வேடியப்பன் தரவில்லை. விற்றது செடி, எழுத்துக்கென்று யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லையே என்றார்.

அந்த நேரம் பார்த்து ஓர் இளம்பெண் கறிவேப்பிலைக் கன்று கேட்டு வந்தாள். மாதம்மாள் வேண்டுமென்றே அட்டை இல்லாத ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை, அட்டை மாட்டிய கன்றைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். இரண்டும் ஒரே செடிதானே என்று வேடியப்பன் கேட்டார்.

"ஒரே செடிதாங்க. ஆனா எப்படி வளக்கறதுன்னு எனக்குத் தெரியாதே," என்றாள் அவள்.

அவள் போன பிறகும் வேடியப்பன் அசையவில்லை. அவள் காசு கொடுத்தது கன்றுக்குத்தான், அட்டை சும்மாதானே போயிற்று என்றார்.

வினோதினி மாமன் பக்கமே சாய்ந்தாள். செடி அம்மா வளர்த்தது, அட்டையில் இருக்கும் விஷயமும் அம்மா சொன்னது, இதைத் தன் சம்பாத்தியம் என்று எப்படிச் சொல்வது என்றாள். நாளையிலிருந்து கடைக்கு வந்துவிடுவதாகவும் சொன்னாள்.

மாதம்மாள் மகளைப் பார்த்தார். "அது எனக்கு இருபது வருசமாத் தெரியும். யாருகிட்டடி போய்ச் சேந்துச்சு?"

எழுத்தால் ஒன்றும் வரவில்லை என்கிறார் மாமன். எழுத்தால்தான் வந்தது என்கிறார் அம்மா. வந்தாலும் அது என்னுடையதல்ல என்கிறாள் மகள். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மாதம்மாள் சொன்னதே சரி. எழுதிச் சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் பந்தயம். எழுத்தைத் தனியாக விற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செடியும் விலையும் அம்மாவின் அனுபவமும் முன்பிருந்தே அங்கே இருந்தவை. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது எழுத்து ஒன்றுதான். ஆகவே கூடுதலாக வந்ததும் அதனால் வந்ததே. வேடியப்பனும் கொஞ்ச நேரம் தொட்டிகளைச் சுற்றி நடந்துவிட்டு இதே முடிவுக்கு வந்து, சாவியை வினோதினியின் கையில் வைத்தார். வைத்த கையோடு ஒரு வேலையும் சொன்னார். தண்ணீர் நிரப்பாமலே பம்பை ஓடவிட்டுக் கெடுத்துக்கொண்டு வந்து தன்னோடும் தினம் யாராவது சண்டை போடுகிறார்களாம்; தன் பம்புகளும் கொஞ்சம் பேசட்டும் என்றார். அதற்கு என்ன கேட்கிறாய் என்றும் அவரே கேட்டார். வினோதினி யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாதம்மாள் விலையைச் சொல்லிவிட்டார்.