தேக்கிலைக்குள் ஒரு குருவி

ஒரு காட்டில், கண் விழித்ததும் எல்லாரும் விழுந்தடித்து ஓடிவரும் ஆலமரம் ஒன்று இருந்தது. அங்கே ஒருவர் தும்மினால் போதும், "ஆஹா, என்ன தும்மல்!" என்று மற்றவர்கள் சிறகு தட்டுவார்கள். சிறகு இல்லாதவர்கள் வாலைத் தட்டுவார்கள்.

நாரன் என்ற தூக்கணாங்குருவிக்கு அந்தச் சத்தம் என்றால் உயிர். ஒரு நார் கிழித்தாலும் ஆலமரத்துக்குப் பறந்துபோய்க் காட்டிவிட்டுத்தான் மறுவேலை. அதனால் ஓடைக்கரை ஈச்சமரத்தில் அவன் கூடு அரைகுறையாகத் தொங்கியது.

தூக்கணாங்குருவிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு வாசலில் காத்திருக்கும். பெண் குருவி வந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் கல்யாணம்! நாரன் உருகி உருகி நினைத்துக்கொண்டிருந்த கொன்றை என்ற குருவி, "நாளைக் காலை கூடு பார்க்க வருகிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாரன் ஆலமரத்து உச்சிக்கிளையில் ஏறித் தொண்டையைச் செருமினான். "அன்பர்களே! வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இனி இந்த மரத்துக்கு வரமாட்டேன். யாரும் அழாதீர்கள்!"

"ஐயோ, நீ இல்லாமல் எப்படியப்பா பொழுது போகும்?" என்றது மைனா. ஒரே சிறகுத் தட்டல்!

கூட்டுக்குப் போன நாரனுக்கு வேலையே ஓடவில்லை. 'இந்நேரம் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்களோ? யாராவது மயங்கி விழுந்திருப்பார்களோ?' மனசு கேட்கவில்லை. ஒரு தேக்கிலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆலமரத்துக்கே வந்து பதுங்கினான். மறுநாள் காலையிலும், 'கொஞ்சம் கேட்டுவிட்டுப் போய்விடலாம்' என்று அதே இலைக்குள் உட்கார்ந்திருந்தான்.

அப்போது கொன்றை அங்கே வந்தாள். "நாரன் இங்கே வந்தாரா?" என்று கேட்டாள்.

"அவரைப் போல உழைப்பாளி உண்டா! இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. கூடே கதி என்று கிடக்கிறார்!" என்றது மைனா.

"அங்கேயிருந்துதான் வருகிறேன். ஈ காக்கை இல்லையே!"

தேக்கிலை வெடவெடவென்று நடுங்கியது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் கொன்றை போய்விடுவாள். அட கஷ்டமே!

மந்தி ஒன்று அண்ணாந்து பார்த்தது. "அடடே, ஆலமரத்தில் தேக்கிலை எப்போது முளைத்தது?" என்று வெடுக்கென்று உருவியது.

உள்ளே நாரன்!

அப்பப்பா, அன்று தட்டியதுபோல் அந்த மரம் என்றுமே சிறகு தட்டியதில்லை. சிரித்துச் சிரித்து மைனா கிளையிலிருந்தே விழுந்துவிட்டது.

கொன்றை மட்டும் சிரிக்கவில்லை. "இந்தச் சத்தத்துக்குள் நான் முட்டை வைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பறந்துபோனாள்.

நாரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தமுறை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். நார் கிழித்தான், பின்னினான், தப்பாகப் போனதைப் பிரித்து மறுபடி பின்னினான். ஆலமரத்தில் யாரும் அவனைத் தேடவே இல்லை.

மேகம் திரண்ட ஒரு நாள் கொன்றை அந்தப் பக்கம் வந்தாள். கூட்டைப் பிடித்து இழுத்தாள், தொங்கிப் பார்த்தாள், உள்ளே போய் உட்கார்ந்தாள். "மழை வரப்போகிறது, அந்த வாசலையும் சீக்கிரம் முடியுங்கள்" என்றாள்.

நாரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆலமரத்தில் போய்ச் சொல்ல வேண்டுமே என்று சிறகை விரித்தான். பிறகு மடக்கிக்கொண்டு, அடுத்த நாரைக் கிழித்தான்.

நீதி: விலகிப் போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்பவர் இன்னும் விலகவில்லை.