பாதி ஜோடி வியட்நாம் போன கதை

கூழாங்குளத்தில் மூளை இல்லாத ஆள் என்று யாரும் கிடையாது. எல்லோருக்கும் இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள், அதுதான் கோளாறு.

அந்த ஊரில் சங்கிலி என்று ஒருவன். மனைவி பெயர் குருவம்மா. அவர்களுக்குக் கல்யாணமாகி, மகனுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவளை அவன் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் தேனி பஸ் ஸ்டாண்டு. அதுவும் சின்னமனூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட.

ஒருநாள் காலையில் குருவம்மா ஒரு பையைக் கட்டி வாசற்படியில் வைத்தாள்.

"ரெண்டு வாரம். வெளிநாடு. ஜோடியாப் போறோம். கடல் இருக்கணும், மலை இருக்கணும், கடைத்தெரு இருக்கணும். சித்திரைக்குள்ள கூட்டிட்டுப் போகலைன்னா இந்தப் பையைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். போனா போனதுதான்."

அவள் இல்லாத வீட்டில் உப்பு டப்பா எது, சீனி டப்பா எது என்று சங்கிலிக்குத் தெரியாது. அதைக்கூட நக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். படுத்த பிறகு "தூங்கிட்டியா" என்று யாரைக் கேட்பது?

இந்த யோசனையோடு வெளியே கிளம்பியவன் பை தடுக்கி விழுந்தான். மறுநாளும் விழுந்தான். அப்புறம் தினமும் விழுந்தான். பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். அது அவள் வைத்த பை.

அவனுக்கு யோசனை சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெத்தபெருமாள். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். அதனால் ஊரில் அவர்தான் அறிவாளி. இன்னொருவன் ஒய்யப்பன், சங்கிலியின் மச்சினன் முறை. எதிலும் சந்தேகம் கேட்பான், அதனால் அவன் இரண்டாவது அறிவாளி. குருவம்மா பை கட்டிய செய்தி கேட்டதும் பெத்தபெருமாள் மனைவி ராக்கம்மாவும், ஒய்யப்பன் மனைவி வெள்ளைத்தாயும் பரணில் பை தேட ஆரம்பித்தார்கள். மூன்று ஜோடியாகவே போய்விடுவது என்று முடிவாயிற்று.

தேனியில் வெளிநாட்டுப் பயண ஏற்பாடு செய்கிறவர் ஜமால் பாய். ரொம்பப் பொறுமைசாலி. அன்றுவரைக்கும்.

"கம்மிச் செலவு, பல தினுசு, ஜோடியாப் போறதுக்கு ஏத்த இடம். அப்படின்னா இலங்கை, தாய்லாந்து, பாலி, வியட்நாம்" என்றார் அவர். "வீட்டுல உட்கார்ந்து பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க. மூணு விஷயம் மட்டும் மனசுல வைங்க. தூரம் கூடுனா டிக்கெட்டும் கூடும். கடலோ மலையோ, உங்க உடம்புக்கு எது ஒத்துக்குதுன்னு முன்னாடியே பார்த்துக்கங்க. யாரும் போகாத மாசமாப் போங்க, பாதி விலையில முடிஞ்சிரும்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசியா வரைபடம் ஒன்றையும் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

பெத்தபெருமாள் வீட்டு முற்றத்தில் வரைபடம் விரிக்கப்பட்டது. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பெத்தபெருமாள் தேனியில் விரலை வைத்து அளந்தார்.

"இலங்கை ஒரு விரக்கடை. வியட்நாம் எட்டு விரக்கடை. கட்டுப்படியாகாது."

"கிட்டக் கொண்டாந்துட்டா?" என்றான் ஒய்யப்பன்.

பெத்தபெருமாள் தொண்டையைச் செருமினார். வரைபடத்தை நடுவில் மடித்தார். தேனியும் வியட்நாமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. மடிப்பு பிரியாமலிருக்கச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்கள். அப்படியே பாலியையும் இலங்கையையும் இழுத்து ஒட்டினார்கள். இனி எங்கே போனாலும் ஒரே டிக்கெட் என்று ஒய்யப்பனுக்குச் சந்தோஷம்.

சங்கிலிதான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கடலைக் காணோம்."

"எந்தக் கடல்?"

"குருவம்மா கேட்ட கடல். மடிப்புக்குள்ள போயிருச்சு."

பெத்தபெருமாள் வெகுநேரம் யோசித்தார். "கடல் வேணும்னா தூரம் இருக்கத்தான் செய்யும். தூரம் வேண்டாம்னா கடலை விட்டுத்தான் ஆகணும். ரெண்டையும் கேட்டா நான் எங்க போவேன்?"

"கடல் இல்லைன்னா அவ சின்னமனூர் போயிருவாண்ணே."

ஒட்டியதைப் பிரித்தார்கள். தாய்லாந்து இரண்டாகக் கிழிந்தது. கிழிந்த நாட்டில் போய் எவன் தங்குவான் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். பருக்கை வாசத்துக்கு வந்த ராக்கம்மாவின் கோழி இலங்கையை ஒரு கொத்தும் பாலியை ஒரு கொத்தும் கொத்தி விழுங்கிவிட்டுப் போயிற்று. மிச்சம் நின்றது வியட்நாம். நல்லா அலைஞ்சு ஆராய்ஞ்சு தேர்ந்தெடுத்ததாக ஜமால் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

அடுத்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலுக்குச் சங்கிலி. ஊர்க் குளத்தில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி, லாரி டியூபைப் போட்டு அதில் அவனை உட்காரவைத்தார்கள். சாயங்காலம் எருமைகள் வந்தன. ஒரு வாய் குடித்துப் பார்த்தன. சங்கிலியை ஒரு பார்வை பார்த்தன. திரும்பிப் போய்விட்டன. உப்பில் உடம்பெல்லாம் அரித்தது. "ஒத்துக்குதுண்ணே" என்றான் சங்கிலி. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சின்னமனூர்.

மலைக்குளிருக்கு ஒய்யப்பன். மீன்காரர் ஐஸ்பெட்டிக்குள் அவனை உட்காரவைத்து மூடினார்கள். வெளியே எடுத்தபோது பேச்சு வரவில்லை. ஊருக்கே அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதி. பேச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மலையில இவ்வளவு மீனா இருக்கும்?"

கடைத்தெருவுக்குப் பெத்தபெருமாள். தேனிச் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். அவருக்கு அது எப்போதுமே ஒத்துக்கொள்ளும்.

மிச்சம் இருந்தது மூன்றாவது விஷயம். அங்கேதான் வண்டி நின்றது.

"யாரும் போகாத மாசமாப் போகணும்னு சொன்னாரு பாய்" என்றார் பெத்தபெருமாள். "சித்திரையில யாரும் போகலைன்னு வை. நாம போறோம். போனா என்ன ஆகும்?"

"ஜோடியாப் போன மாதிரி ஆகும்" என்றான் சங்கிலி.

"அதில்லடா. ஆளு போன மாசமா ஆயிரும். ஆளு போற மாசம்னா முழு விலை."

ஒய்யப்பன் விரல்விட்டு மாசங்களை எண்ணிப் பார்த்தான்.

"அப்ப நாம போகாம இருந்தாத்தான் கம்மி விலைக்குப் போகலாம்" என்றான் ஒய்யப்பன்.

"அதேதான்."

"போகாம இருந்தா குருவம்மா போயிருவாளே" என்றான் சங்கிலி. அழ ஆரம்பித்துவிட்டான். பங்குனி பிறந்து நாளாகியிருந்தது. முந்தின நாள்தான் குருவம்மா அந்தப் பையைத் திறந்து சீப்பையும் உள்ளே வைத்தாள். சீப்பு உள்ளே போய்விட்டால் அப்புறம் பேச்சே இல்லை.

அழுகிறவனைப் பார்த்தால் பெத்தபெருமாளுக்கு யோசனை வரும். வந்தது.

"பாதி பேர் போனா? போன மாதிரியும் இருக்கும், போகாத மாதிரியும் இருக்கும். பாய் சொன்ன அந்தப் பாதி விலையும் வந்துரும்."

"எந்தப் பாதிண்ணே?"

"புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணுன்னுதான் கல்யாணத்தன்னைக்குச் சொல்லிக் கட்டி வச்சாங்க. ஒருத்தர் போனா ஜோடி போன கணக்கு."

"அப்ப நாம போவோம்" என்றான் ஒய்யப்பன்.

சங்கிலி கண்ணைத் துடைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒன்று தோன்றியது. "வேண்டாம். நாம போனா குருவம்மா இங்க இருப்பா. இங்க இருந்தா சின்னமனூர் பஸ் ஏறிருவா. அவளை வியட்நாம் அனுப்பிட்டா, அங்கயிருந்து எப்படிச் சின்னமனூர் பஸ் பிடிப்பா?"

பெத்தபெருமாள் எழுந்து வந்து அவனைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னான். குருவம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்க வரலையா?"

"வர்றேனே. நீ போற இல்ல?"

குருவம்மா யோசித்தாள். அவள் பிறந்ததும் கூழாங்குளம், வாக்கப்பட்டதும் கூழாங்குளம். "சரி. ஆனா வந்துட்டுப் பாதியில திரும்பிப் போயிரக் கூடாது" என்றாள்.

பாஸ்போர்ட், விசா, விமானம், தங்குகிற ரூம் எல்லாவற்றையும் ஜமால் பாய் முடித்துக் கொடுத்தார். ஜோடிக்கான ரூம்களில் மூன்று பெண்கள் மட்டும் ஏன் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, அப்புறம் எதுவும் கேட்கவில்லை. குருவம்மா புதுப் பை ஒன்று கட்டினாள். வாசற்படியில் இருப்பது அண்ணன் வீட்டுப் பை. அதை எப்படி வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போவது?

மதுரையில் அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வரும் வழியிலேயே பெத்தபெருமாள் எச்சரித்தார்.

"ஜோடியா வியட்நாம் போயிருக்கோம். ஊருக்குள்ள நம்ம தலை தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

அதனால் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பது என்று தீர்மானம். ஒய்யப்பனைப் பெத்தபெருமாள் பூட்டினார். பெத்தபெருமாளைச் சங்கிலி பூட்டினான். சங்கிலியைப் பூட்ட ஆள் இல்லை. அவனே வெளியே பூட்டிவிட்டு, கொல்லைப்புறமாகச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனான். முட்டியில் தோல் போயிற்று. வெளிநாடு என்றால் நாலும் இருக்கும்.

தபால்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"வீட்டுல யாரும் இல்லைங்க" என்றான் சங்கிலி உள்ளேயிருந்து. "வியட்நாம் போயிருக்கோம்."

"எப்ப வருவீங்க?"

"அவ போன் பண்ணாத்தான் தெரியும்."

குருவம்மா தினமும் போன் செய்தாள். கடலுக்குள் படகில் போகிறோம், சுற்றிலும் மலை மலையாகப் பாறை நிற்கிறது என்றாள். சங்கிலி கட்டிலில் ஏறி உட்கார்ந்து அப்படியும் இப்படியும் ஆடினான். மலைமேல் குளிர் நடுக்குகிறது என்றாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரையும் மப்ளரையும் மாட்டிக்கொண்டு ஊற்றும் வேர்வையோடு உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் நடந்து கால் வீங்கிவிட்டது என்றாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக அன்று முழுக்க நடந்தான். பை பூட்டிய கதவுக்கு வெளியே இருந்தது, ஆனாலும் வாசலுக்குப் போகும்போதெல்லாம் பழக்கத்தில் தடுக்கி விழுந்தான்.

ஒருநாள் அவனே கேட்டான். "இப்ப உன் பக்கத்துல யாரு இருக்கா?"

"வெள்ளைத்தாய் இருக்கா."

"இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் நீங்கதான். எடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

சங்கிலி கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். "அப்ப எனக்கு ஏன் கடல் தெரிய மாட்டேங்குது?"

"கண்ணாடியைப் போட்டீங்களா?"

போடவில்லை. போட்டுக்கொண்டான். அப்போதும் பரண்தான் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. "தெரியுது, தெரியுது. நல்லாத்தான் இருக்கு" என்றான்.

இரண்டு வாரம் முடிந்தது. திரும்பி வரும் நாளில் மூன்று ஆண்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்குப் போனார்கள். போனவர்கள் வர வேண்டும் அல்லவா? பெண்கள் வெளியே வந்தார்கள். தொப்பியும் மப்ளருமாகப் பெட்டியோடு நின்ற சங்கிலியைக் குருவம்மா பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கிளம்பலை. இப்பத்தான் வந்து இறங்குறேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இளைச்சுட்டீங்க."

"சாப்பாடுதான் சரியில்லை."

"எனக்கும் அதேதான். ஆனா கடல் நல்லா இருந்துச்சுல்ல?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. கொஞ்சம் உப்பு."

ஆறு பேரும் ஒரே வேனில் ஊர் திரும்பினார்கள். ஆறு பேருக்கும் கால் வலி. வழி நெடுக ஜன்னலோரம் யார் உட்காருவது என்று ஜோடிக்கு ஜோடி சண்டை. ஊர் நம்பிவிட்டது. கூழாங்குளம் வேறு என்ன செய்யும்?

வீட்டு வாசலில் குருவம்மா நின்றாள். பை அப்படியே படியில் இருந்தது. சங்கிலி அதற்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றான்.

"அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேல்ல?"

"நான் எதுக்குப் போறேன்? சொன்னபடி கூட்டிட்டுப் போயிட்டீங்க" என்றாள். பிறகு பையைப் பார்த்து முகம் வாடினாள். "ஆனா இதைக் கட்டி வச்சு எத்தனை நாளாச்சு. அண்ணன் வீட்டுக்குன்னு சொல்லிக் கட்டுனது. வெயில்லயே கிடந்திருக்கு, பாவம்."

இதில் ஒரு நியாயம் இருப்பதாகச் சங்கிலிக்குப் பட்டது. மறுநாள் குருவம்மாவையும் கூட்டிக்கொண்டு பையைத் தேனிக்குக் கொண்டுபோய், சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து, கண்டக்டரிடம் அண்ணன் வீட்டு அடையாளம் சொல்லி முழு டிக்கெட் வாங்கி அதன்மேல் செருகிவிட்டான். இருவரும் கை காட்டினார்கள். பஸ் திரும்பும்வரை குருவம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராத்திரி சின்னமனூரிலிருந்து போன் வந்தது. அவளுடைய அண்ணன். அவரும் கூழாங்குளத்தில் பிறந்து பிழைக்கப் போனவர்தான்.

"மாப்ள, பத்திரமா வந்து சேர்ந்துச்சு" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வந்ததுலயிருந்து ஒரு மூலையிலயே உட்கார்ந்திருக்கு. ஒரு வார்த்தை பேசலை. சோறு போட்டு வச்சேன், தொடலை. உங்களுக்குள்ள அப்படி என்னதான் சண்டை?"

சங்கிலிக்குச் சங்கடமாகப் போயிற்று.

"ஒண்ணும் இல்லை மச்சான். ரெண்டு வாரம் வச்சிருங்க. கோபம் தணிஞ்சதும் நானே நேர்ல வந்து கூட்டிட்டு வந்துர்றேன்."