தேன்பானைக்குச் சொந்தக்காரர்

மலையடிவாரத்தில் குருவம்மா வீட்டுக் கொல்லை முழுக்க மண்பானைகள். பானைக்குப் பானை தேனீக் கூட்டம். பூட்டன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த ஈக்கள்தான்.

ஒரு நாள் ஜமீன்தார் விருபாட்சர், ஜவ்வாது கமகமக்க, ஊரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த ஈயெல்லாம் என் தோப்புப் பூவிலேதானே தேன் குடிக்குது? அப்போ பானையும் எனக்குத்தான் சொந்தம். இப்பவே அரண்மனைக்கு வந்து சேரணும்!"

குருவம்மா கும்பிட்டாள். "எடுத்துக்கிடுங்க சாமி. உங்க தோப்புப் பூவாலதான் எங்க அடுப்பு எரியுது, அந்த நன்றி எனக்கு இல்லாமலா? ஆனா எங்க வீட்டு முறை ஒண்ணு இருக்கு. பானை கைமாறுறப்போ, புதுச் சொந்தக்காரர் வெறுங்கையை உள்ள விட்டு, 'இனி உங்களுக்கு நான்தான்'னு ஈக்கிட்டச் சொல்லணும். எங்கப்பா போனப்போ நானும் அப்படித்தான் சொன்னேன்."

"இவ்வளவுதானா?" என்று ஜமீன்தார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனார். ஜவ்வாது வாசம் பட்டதுதான் தாமதம், பானைக்குள் இரைச்சல் கிளம்பியது. நாலைந்து ஈக்கள் வந்து மீசையில் உட்கார்ந்தன.

"ஐயோ! என் பானை இல்லே! உன் பானைதான், உன் பானைதான்!" என்று அலறிக்கொண்டே வேலியைத் தாண்டினார். ஊரே கேட்டது.

இரைச்சல் அடங்கியதும் குருவம்மா வெறுங்கையை உள்ளே விட்டு ஒரு தேனடையை எடுத்தாள். வழக்கம்போல ஈக்களின் பங்கைப் பானையிலேயே விட்டு, "மவராசிகளா, நல்லா இருங்க" என்று கும்பிட்டாள். எடுத்ததில் ஒரு துண்டை இலையில் வைத்து வேலிக்கு அப்பால் நீட்டினாள்.

"இது உங்க தோப்புப் பூவுக்கு, சாமி. அடுத்த தடவை ஜவ்வாதைக் கழுவிட்டு வாங்க. ஈயே உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லும்."