எச்சில் காற்று

வாடைமலை நாட்டில் மாவு அரைக்க ஆலை இரண்டு. ஓடையில் சக்கரம் போட்ட நீராலை ராஜாவின் பாட்டன் காலத்தது. அதை வைத்திருந்தவன் பிரதானி அனந்தப்பரின் மைத்துனன். கோடையில் ஓடை வற்றும், சக்கரம் படுத்துவிடும். ஊரே கேழ்வரகு மூட்டையோடு கணவாய்க்கு ஓடும். அங்கே சுடலியின் மாமனார், துறைமுகத்தில் கப்பல் பாய்களைப் பார்த்துவந்த மனுஷன், மரக்கைகளில் பாய் கட்டிச் சுழலவிட்ட காற்றாலை நின்றது. புருஷன் போனபின் சுடலிக்கு அதுதான் சோறு.

மைத்துனனுக்கு வயிறு எரிந்தது. ராஜா சடையவேள் மேல்மாடத்தில் காற்று வாங்குகையில் பிரதானி போய் மூக்கைச் சுளித்தார். கணவாய்க் காற்று முதலில் சுடலியின் ஆலைக்குள் நுழைகிறதாம். அது தின்று மீந்ததுதான் அரண்மனைக்கு வருகிறதாம்.

ராஜா சட்டென்று வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார். மூச்சு முட்டியதும் கையை விட்டார். "இத்தனை நாளும் நான் எச்சில் காற்றையா சுவாசித்தேன்? இடியுங்கள் அந்த ஆலையை."

சுடலி நேரே இருளாண்டியிடம் ஓடினாள். மாட்டுச்சந்தையில் தரகு பார்த்து, உதைபட்டு, வாய்ச் சாமர்த்தியத்தால் சபைக்கு வந்தவன் அவன்.

"அண்ணாச்சி, ஆலை போனா நானும் பிள்ளைகளும் மண்ணைத்தான் திங்கணும்."

மறுநாள் சபையில் இருளாண்டி எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்தால் விலை ஏறும் என்ற சந்தைப் பாடம் அவனுக்குத் தெரியாதா? உத்தரவு போதாது என்றான்.

"மகாராஜா, ஓர் ஆலையோடு விடுவதா? தங்களுக்கு முன்னால் தங்கள் பங்கில் வாய் வைக்கிற எதையும் இடிக்க வேண்டாமா?"

பிரதானிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எதையும் என்றால் போதாது, யாரையும் என்றும் சேர்க்க வேண்டும் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். மடையன், தன் மாட்டையும் சேர்த்து ஏலம் போட்டுவிட்டான் என்று இருளாண்டி மனசுக்குள் சிரித்துக்கொண்டான். முரசு அறைந்தாயிற்று.

வேலைக்குப் புறப்படுமுன் வெற்றிலை பாக்கு வாங்கக் கடப்பாரை ஆட்கள் அரண்மனைக்கு வந்தார்கள். ராஜாவின் சாப்பாடு முடியட்டும் என்று இருளாண்டி அவர்களைக் கூடத்திலேயே உட்கார வைத்தான்.

இலை விழுந்தது. ராஜாவுக்கு வைத்ததில் விஷம் உண்டா என்று முதலில் ருசி பார்ப்பது பிரதானி வம்சத்தின் உரிமை. அதைச் சொல்லியே ஊரெல்லாம் மார்தட்டுவார். வழக்கம்போல் ராஜாவின் பாயசக் கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தார்.

இருளாண்டி கைதட்டினான். கடப்பாரைகள் பிரதானியைச் சூழ்ந்தன. மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"சாமி, தலையிலேருந்து இடிக்கவா, அஸ்திவாரத்திலேருந்தா?"

பிரதானி பாயசத்தோடு குழறினார். "மகாராஜா, காற்றுக்கு ஏது எச்சில்?"

ராஜா சிரித்த சிரிப்பில் புரையேறியது. உத்தரவு ரத்து. உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று இருளாண்டியைக் கேட்டார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. தங்களுக்கு வரும் காற்றையும் பிரதானியே ருசி பார்த்து அனுப்பட்டும்."

அந்தக் கோடை முழுக்க அனந்தப்பர் கணவாயில் வாயைப் பிளந்தபடி நின்றார். சும்மா நிற்பானேன் என்று சுடலி மாவுச் சல்லடையை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.