சிம்மாசனத்துக்கு அடியில் ஒரு ராஜத்துரோகி

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றையூர் நாட்டைக் கெம்பீரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் அவருக்கே நினைவிருக்காது. தன் பட்டங்களை மட்டும் மறக்கமாட்டார். மொத்தம் முப்பத்திரண்டு பட்டம்! அவர் சபைக்குள் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் கட்டியக்காரர் மேகநாதர் அத்தனையையும் முழங்க வேண்டும். அந்த ஆளுக்குக் குரலா அது! "ராஜாதி ராஜ!" என்று ஆரம்பித்தால் உத்தரத்துப் புறாக்கள் பக்கத்து நாட்டுக்கே குடிபோய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஒரு நாயை அடித்துக்கொண்டு வந்தது. ராஜாவுக்கு அன்றைக்கு என்ன குஷியோ, பட்டுவேட்டியோடு இறங்கித் தன் கையாலேயே அதைக் கரை சேர்த்தார். அரண்மனைக்குக் கொண்டுவந்து 'சண்டப்பிரசண்டன்' என்று பெயரும் வைத்தார். சண்டப்பிரசண்டனோ முதல் பட்டம் காதில் விழுந்ததுமே சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. முப்பத்திரண்டு முடிவதற்குள் ராஜாவின் பாதுகையையும் நனைத்துவிட்டது.

"பிரபு! தங்கள் பட்டங்களைக் கேட்டு ஒளிகிறதே, இதுவா நாய்? ராஜத்துரோகி!" என்றார் மேகநாதர்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படியா சேதி? வந்த ஆற்றிலேயே தூக்கிப் போடுங்கள்!"

மந்திரி நயினார் மெல்லக் குனிந்து பார்த்தார். இருட்டில் இரண்டு கண்கள், நடுங்குகிற ஒரு மூக்கு. முதன்முதல் சபைக்கு வந்த அன்றைக்கு அவருக்கும் இப்படித்தான் ஓடி ஒளியத் தோன்றியது. புகுந்துகொள்ளத்தான் இடம் கிடைக்கவில்லை. ஐயோ, இந்த உயிர் போகக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"பிரபு, அர்த்தம் தெரிந்து அவமதித்தால்தானே துரோகம்? இதற்கு ஒரு பட்டமாவது தெரியுமா? முதலில் பாடம், அப்புறம் தண்டனை. அடுத்த பௌர்ணமி வரைக்கும் பொறுங்கள். அன்றைக்கும் ஒளிந்தால் என்னையும் சேர்த்து ஆற்றில் போடுங்கள்."

"பாடம் நடத்துவது யார்?"

"நம் மேகநாதரை விட்டால் வேறு யாருக்கு அந்தக் குரல் உண்டு?"

மேகநாதருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பாவம், வசமாக மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மந்திரி அவரை இரண்டு முற்றம் தாண்டி யானைக் கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கேயா? யானைக்கா கட்டியம் சொல்ல?"

"யானையும் பிரஜைதானே ஐயா! முழங்குங்கள்!"

அங்கேயிருந்து அவர் கத்தியது சிம்மாசனத்துக்குக் கொசு ரீங்காரமாகத்தான் வந்து சேர்ந்தது. சபைக்குத் திரும்பிய மந்திரி எங்கேயோ பார்த்தபடி நாயின் மூக்குக்கு முன்னால் பட்டத்துக்கு ஒரு ஈரல் துண்டாகப் போட்டுக்கொண்டே வந்தார். யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, தடவிக் கொடுக்கவே கூடாது, அதுவாக வரட்டும் என்று சபைக்கெல்லாம் கட்டளை.

"என் சிம்மாசனத்துக்கு அடியில் நானே பார்க்கக் கூடாதா?" என்று பொருமினார் ராஜா.

"கூடவே கூடாது, பிரபு."

ராஜா விட்டத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிக் கழுத்து வலி கண்டார்.

மேகநாதர் தினம் பத்தடி கிட்டே வரலாம் என்று ஏற்பாடு. மூன்றாம் நாள் ஒரு யானை அவர் தலைப்பாகையைத் தின்றுவிட்டது. ஏழாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நேரே சபை வாசலுக்கு ஓடிவந்து முப்பத்திரண்டையும் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார்! நாய் கிடுகிடுவென்று நடுங்கியது. ஈரல் அப்படியே கிடந்தது.

"பார்த்தீர்களா, இது தேறாத ஜென்மம்!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

நயினாருக்கு வந்ததே கோபம்! "கெடுத்தீரே ஐயா! பிரபு, வாத்தியார் அவசரப்பட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்துதான்."

"போம் யானைக் கொட்டிலுக்கு!" என்றார் ராஜா. மேகநாதர் வெறுந்தலையோடு போனார்.

மறுபடி தினம் பத்தடியாக அவர் சபை வாசல்வரை வந்து சேர்வதற்குள் பௌர்ணமி வந்தது. காலையில் சபை கூடியதும் மேகநாதர் சிம்மாசனத்தை ஒட்டியே நின்றார். மந்திரியை ஆற்றில் தள்ளிவிடுகிற ஆசையில் தொண்டையை நன்றாகச் செருமிக்கொண்டார். "ராஜாதி ராஜ!"

புறாக்கள் பறந்தன. நயினாருக்கு உயிர் கையில் இல்லை.

சண்டப்பிரசண்டன் துள்ளி வெளியே வந்தது! வாலை ஆட்டிக்கொண்டு மேகநாதர் முன்னால் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தது. பட்டம் விழ விழ ஈரலும் விழுந்தது. பத்தொன்பதாம் பட்டத்தில் மந்திரியின் ஈரல் தட்டு காலி. நயினாருக்கு வேர்த்துக் கொட்டியது. இருபது. ஒன்றும் விழவில்லை. இருபத்தொன்று. நாய் எழுந்தது. ஒளியப் போகிறது என்று சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அது நேரே போய் ராஜாவின் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. மேகநாதர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அது காதைக்கூட அசைக்கவில்லை.

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேகநாதரே, இதற்கு ஈரல் தீர்ந்துவிட்டது. ஆனாலும் போகாமல் என் காலடியில் கிடக்கிறது. நீர் இருபது வருஷமாக முழங்குகிறீரே, உமக்கு எந்தப் பட்டத்தில் ஈரலை நிறுத்தினால் வாய் நிற்கும்?"

சபை கொல்லென்று சிரித்தது.

"உஷ்! தூங்குகிறது!" என்று ராஜா எல்லோரையும் அடக்கினார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, காலை அசைக்காமலே எட்டி, நயினார் கழுத்தில் போட்டார். பிறகு ரகசியக் குரலில், "மேகநாதரே, சமையற்கட்டுக்குப் போய் இன்னொரு தட்டு ஈரல் கொண்டுவாரும். நுனிக்காலில் போம்" என்றார்.

அவரும் நுனிக்காலில் போனார். நாய் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அதுவரை ராஜாவும் காலை எடுக்கவில்லை, சபையும் சாப்பிடவில்லை.